மறைக்கப்பட்ட சொத்தும் எண்பிக்கும் பொறுப்பும்

இல்லாத பொருளை இல்லையென எண்பிப்பது எங்ஙனம்? இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றத்தீர்ப்பின் பின்னர் பறிமுதல் விசாரணையை எதிர்கொள்வோர் பலரின் முன் எழும் வினா இதுவாகும்.

அங்கு 2002ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் இரு தொகைகளை வேறுபடுத்தியது. ஒன்று, குற்றத்தால் எதிரி பெற்ற ஆதாயம்; மற்றையது, அவரிடம் எஞ்சியுள்ள சொத்து. ஆதாயம் என்பது நிகர இலாபமன்று. பெரும்பாலும் கைக்கு வந்த முழுத்தொகையே அவ்வாறு கணிக்கப்பட்டது. ஆதாயம் 300,000 பவுண் எனவும், வெளிப்படையான சொத்து 20,000 பவுண் எனவும் கொள்வோம். தம்மிடம் உள்ளது அவ்வளவே என எதிரி எண்பிக்கத் தவறின், முழுத்தொகைக்கும் கட்டளை பிறக்கும். எஞ்சிய 280,000 பவுண் மறைக்கப்பட்ட சொத்தாகிவிடும்.

இதற்கு நியாயம் இல்லாமலில்லை. பிறர் பெயரில் செல்வத்தை ஒளித்தவரே அதன் இருப்பிடத்தை அறிவார். ஆயின், ஒளிக்க ஏதுமற்ற கூலியாளும் அதே சுமையைத் தாங்க நேர்கின்றது. கணக்காளரை அமர்த்த வல்லவர் ஏடுகளை நீட்டுவார். கைக்காசில் வாழ்ந்தவரிடம் பற்றுச்சீட்டேது?

எனவே, வெறும் மறுப்பு இங்கு எதிர்வாதமாகாது. பணம் சென்ற வழியைக் காட்டல் வேண்டும்: வங்கிக் கூற்றுகள், கடன்கள், வாடகை, சூதாட்ட இழப்பு, கூட்டாளிகள் பெற்ற பங்கு என்பன ஒன்றுசேர்ந்தே நிகழ்தகவுச் சமநிலையில் எடைபெறுகின்றன. கடனில் உழன்ற வாழ்வும் ஒரு சான்றே. எதிரி பொய்யுரைத்தார் என்பதற்காகவோ ஆவணம் இல்லை என்பதற்காகவோ அவரது நிலைப்பாட்டை நிராகரித்தே தீரவேண்டும் என்ற விதி கிடையாதென மேன்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்தியது. 2012இல் உயர் நீதிமன்றம், பறிமுதல் சட்டத்தின் நோக்கத்துக்கு விகிதாசாரமாக அமைதல் வேண்டுமென வலியுறுத்தியது.

முதல் விசாரணையிலேயே இவற்றை முன்வைப்பது இன்றியமையாதது. கட்டளையைப் பின்னர் குறைக்கக் கோரலாமெனினும், மறைவுச் சொத்து உண்டென்ற முடிவை அவ்வழியாக மீள விவாதிக்க நீதிமன்றங்கள் இடமளித்ததில்லை. செலுத்தத் தவறியவருக்கு மேலதிகச் சிறை. பத்து இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட தொகைக்கு அது 14 ஆண்டுகள் வரை செல்லலாம். சிறையிருந்தும் கடன் தீர்வதில்லை; வட்டியும் வளர்கின்றது.

குற்றத்தால் ஈட்டிய ஆதாயங்கள் பற்றிய சட்டமொன்றை இலங்கையும் 2025இல் இயற்றியுள்ளது. கொள்ளையிட்ட செல்வம் மீட்கப்படவேண்டும் என்பதில் நமக்குக் கருத்துவேறுபாடில்லை. ஆயினும், வறுமையையே ஒளிப்பின் அடையாளமாகக் கொள்ளும் நீதி, பெரிய கொள்ளையரைத் தப்பவிட்டுச் சிறியோரையே சிறையில் இருத்தும் என்பதை நாம் மறத்தலாகாது.