எரிவாயு யூரியாவாக மாறுவது எப்படி?

விவசாயி கைநிறைய அள்ளி வயலில் வீசும் வெள்ளைக் குருணை, பூமிக்கடியிலிருந்து எடுக்கும் இயற்கை எரிவாயுவில் பிறந்தது. தூத்துக்குடி உரத் தொழிற்சாலை 1975-ல் நாப்தாவைக் கொண்டு உற்பத்தியைத் தொடங்கியது. ராமநாதபுரத்திலிருந்து 143 கிலோமீட்டர் நீளக் குழாய் வந்தபின் 2021-ல் எரிவாயுவுக்கு மாறியது.

வாயுவை உரமாக்குவது எளிதல்ல. அதில் பெரும்பகுதி மீத்தேன். அதிலுள்ள ஹைட்ரஜனைப் பிரிக்க, வாயுவை நீராவியுடன் கலந்து, நிக்கல் கிரியா ஊக்கி நிரப்பிய குழாய்களில் சுமார் 800 டிகிரி உஷ்ணத்தில் செலுத்துகிறார்கள். இம்மியளவு கந்தகம் கலந்திருந்தாலும் நிக்கல் கெட்டுவிடும். ஆகவே கந்தகத்தை முதலிலேயே நீக்கிவிட வேண்டும்.

அடுத்து ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள நைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா ஆக்க வேண்டும். இதற்கு 400 டிகிரிக்கு மேல் உஷ்ணமும், சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவை. ஜெர்மனியில் கார்ல் பாஷ் இதை முதலில் முயன்றபோது, ஹைட்ரஜன் உருக்கினுள் புகுந்து அதிலுள்ள கரியை அரித்ததால் கலங்கள் வெடித்தன. அவர் உட்புறம் மெல்லிரும்பு உறை கொடுத்து, கசியும் வாயு வெளியேற வெளிச்சுவரில் துளைகள் இட்டார். 1913-ல் ஓப்பாவ் ஆலை இயங்கத் தொடங்கியது. அன்று ஹைட்ரஜன் நிலக்கரியிலிருந்து கிடைத்தது. இன்றும் ஒரு சுற்றில் வாயுவில் சிறு பகுதியே அம்மோனியாவாகிறது; மீதியைத் திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டியிருக்கிறது.

மீத்தேனை உடைக்கும்போது வெளிவரும் கரியமில வாயுவை அம்மோனியாவுடன் சேர்த்தால் யூரியா கிடைக்கும். இடையில் உண்டாகும் கார்பமேட் சாதாரண உருக்கை அரித்துவிடும் என்பதால் கலங்களைத் தனிவகை உருக்கால் செய்கிறார்கள். கடைசியில் உருகிய யூரியா உயர்ந்த கோபுரத்திலிருந்து துளித்துளியாக விழுந்து குருணையாக உறைகிறது.

இத்தனை நெருப்பும் அழுத்தமும் செலவிட்டு வரும் 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து சுமார் 21 கிலோ. நம் நாட்டுக்குத் தேவையான எரிவாயுவில் ஏறக்குறைய பாதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. வயலில் நீர் நிறைய நிற்கும்போதோ, பெருமழைக்கு முன்போ யூரியாவைத் தூவினால் ஒரு பகுதி அம்மோனியாவாகிக் காற்றில் போகும். மற்றொரு பகுதி நீரோடு ஓடிவிடும்.

நெல்லுக்கு மேலுரம் இடுமுன் நீரை வடித்துச் சேறு தெரியும்படி வைக்க வேண்டும். 5 பங்கு யூரியாவுடன் 4 பங்கு ஜிப்சம், 1 பங்கு வேப்பம் புண்ணாக்கு கலந்து, ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் இட்டால் சத்து மெதுவாகக் கரைந்து பயிருக்குச் சேரும். ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுவதே சிக்கனம்.