இரும்பு முளைக்கு இரு முனைகள்

பள்ளியில் விளையாட்டு விழா. கூட்டம் ஓடுதளத்திற்குள் நுழையாதிருக்க வேலி வேண்டும். கட்டட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பிகளை இடுப்பளவு உயரத்திற்குத் தரையில் அடித்து, கயிறு கட்டிவிடுகிறோம். இந்த வேலியில் உள்ள ஆபத்தை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

கம்பி ஏன் எளிதில் மண்ணில் இறங்குகிறது? ஓரலகுப் பரப்பின்மீது செங்குத்தாகச் செயல்படும் விசையே அழுத்தம் என்று படித்திருக்கிறீர்கள். பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும். மண்ணைத் துளைக்கும் கீழ்முனையைப் போலவே மேல்முனையின் பரப்பும் சிறியது அல்லவா?

ஒரு கணக்குப் போடுவோம். 50 கி.கி. நிறையுள்ள மாணவனின் எடை ஏறத்தாழ 490 நியூட்டன். அவனுடைய இரு பாதங்களின் பரப்பு 300 சதுர செ.மீ. என்று கொண்டால், நிற்கும்போது தரைமீது அழுத்தம் சதுர செ.மீ.க்கு 1.6 நியூட்டன்தான். 12 மி.மீ. விட்டமுள்ள கம்பியின் முனைப் பரப்போ 1.13 சதுர செ.மீ. அதே எடை அதன்மேல் இறங்கினால் அழுத்தம் சுமார் 265 மடங்காகிறது!

இது மெதுவாகச் சாய்ந்தால். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடலை 5 செ.மீ. தூரத்திற்குள் நிறுத்த, எடையைப்போல் 11 மடங்கு சராசரி விசை தேவை. ஓட்டக்காரர் எல்லைக்கோட்டைத் தாண்டியும் சிறிது தூரம் ஓடித்தான் நிற்க முடியும். அங்கே கால் இடறினால் என்ன ஆகும்?

முனையில் பிளாஸ்டிக் மூடி செருகினால் போதுமா? போதாது. காளான் வடிவச் சாதாரண மூடி சிராய்ப்பைத்தான் தடுக்கும். மேலே ஆள் விழுந்தால் கம்பி அதைத் துளைத்துவிடும். இதனால்தான் அமெரிக்கக் கட்டடப் பணிகளில், தொழிலாளர் விழக்கூடிய இடங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுக்கு இத்தகைய மூடியை ஏற்பதில்லை. எஃகால் வலுவூட்டிய மூடியாவது, மரத்தாலான காப்பாவது வேண்டும். விசையை அகன்ற பரப்பில் பரப்புவதே அவற்றின் வேலை.

கீழ்முனையையும் மறந்துவிடாதீர்கள். மண்ணுக்கடியில் மின்வடம் சென்றால், கம்பி அதன் காப்புறையைக் கிழித்து, அடிப்பவரின் கைக்கே மின்சாரத்தைக் கொண்டுவரும். வடம் செல்லும் வழியைக் கேட்டறிந்த பிறகே முளை அடிக்க வேண்டும்.

இரும்புக்குப் பதில் 8 செ.மீ. விட்டமுள்ள சவுக்குக் கழியை நட்டால், முனைப் பரப்பு 50 சதுர செ.மீ.; கம்பியைப்போல் 44 மடங்கு. கழி தலைக்கு மேல் உயர்ந்திருந்தால், இடறி விழுபவர் அதன் முனைமேல் விழவே முடியாது. ஓடுதளத்திலிருந்து தள்ளி நடுங்கள். விழா முடிந்ததும் பிடுங்கிவிடுங்கள்.

அடுத்த விழாவுக்கு வேலி போடும்போது, இந்தக் கணக்கை உங்கள் ஆசிரியரிடம் காட்டுவீர்களா?