மீனும் சோறும், நடுவே ஒரு கைப்பிடிச் சுண்டல்: பழவேற்காட்டு மீனவக் குடும்பங்களுக்கான குடல்நல உணவு

பழவேற்காடு ஏரி ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்துள்ள உவர்நீர் ஏரியாகும். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஏரியின் தென்கரையில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள மீனவக் கிராமங்களுள் ஒன்று கோட்டைக்குப்பம். நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய அண்டை ஊர்களோடு சேர்ந்து, ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் வழக்கத்தால் ஆய்வாளர்களிடையே அறியப்பட்ட ஊர் இது.

இங்குள்ள உணவின் நடுநாயகம் சோறும் மீனும். மீன், இறால், நண்டு, கருவாடு ஆகியவற்றால் புரதம் கிடைக்கிறது. சோறு ஆற்றலைத் தருகிறது. ஆனால் குடலுக்குத் தேவையான ஒன்று இந்தத் தட்டில் குறைவாகவே உள்ளது. அதுதான் நார்ச்சத்து. மீனை விட்டுவிடாமல், இரண்டு உணவு வேளைகளுக்கு இடையே உண்ணும் தின்பண்டத்தைக் கொண்டு அக்குறையை எவ்வாறு நிரப்பலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நார்ச்சத்து என்றால் என்ன?

தாவர உணவில் உள்ள மாவுப்பொருள்களில் சிலவற்றை மனிதரின் செரிமான நொதிகளால் உடைக்க இயலாது. அவை சிறுகுடலைக் கடந்து, சிதையாமல் பெருங்குடலை அடைகின்றன. இவற்றையே நார்ச்சத்து என்கிறோம். மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகிய எந்த விலங்குணவிலும் இது இல்லை.

பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. நமக்குச் செரிக்காத நார்ச்சத்தில் பெரும்பகுதி அவற்றுக்கு உணவாகிறது. அவை நாரை நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் எனப்படும் சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவற்றுள் பியூட்டிரேட், பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். அச்சுவர் உறுதியாக இருந்தால்தான் கிருமிகளும் நச்சுகளும் குருதியில் கலவாமல் தடுக்கப்படும். நொதிக்காத நார் நீரைப் பிடித்துவைத்து மலத்தை மென்மையாக்குகிறது. மலச்சிக்கல் குறைவது இதனால்தான்.

எவ்வளவு தேவை, எவ்வளவு கிடைக்கிறது?

பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தை உணவிலிருந்தே பெறவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியது. 2,000 கலோரி உண்பவருக்கு ஏறத்தாழ 30 கிராம் என்பது இந்தியப் பரிந்துரை.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்கலவை அட்டவணையை வெளியிட்டது. அதன்படி, சமைக்காத 100 கிராம் பொருளில் உள்ள நார்ச்சத்து தோராயமாகப் பின்வருமாறு:

- தீட்டிய அரிசி: 2.8 கிராம்
- மைதா: 2.8 கிராம்
- முருங்கைக்கீரை: 8.2 கிராம்
- வேர்க்கடலை: 10.4 கிராம்
- கேழ்வரகு: 11.2 கிராம்
- காராமணி: 11.5 கிராம்
- பச்சைப்பயறு (முழு): 17 கிராம்
- கொண்டைக்கடலை (முழு): 25.2 கிராம்

இதைக்கொண்டு ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் அரிசியைச் சோறாக்கி உண்டால், அதிலிருந்து 8.4 கிராம் நார் கிடைக்கும். மீனிலிருந்து எதுவும் இல்லை. குழம்பில் சேரும் வெங்காயம், தக்காளி, புளி ஆகியவற்றால் இன்னும் 4 கிராம் என்று வைத்துக்கொண்டாலும், மொத்தம் 12 கிராமைச் சற்றே தாண்டும். தேவையில் பாதிகூட இல்லை.

அதே நாளில் மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக உண்டால் 12.6 கிராம் கூடும். காலையிலோ முற்பகலிலோ 50 கிராம் கேழ்வரகு மாவில் செய்த அடையோ கூழோ சேர்ந்தால் மேலும் 5.6 கிராம். இப்போது மொத்தம் 30 கிராமைத் தொட்டுவிடுகிறது. சோற்றிலும் மீனிலும் எந்த மாற்றமும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மாலைப் பசிக்குப் பெட்டிக்கடைப் பொட்டலத் தின்பண்டம் வாங்கினால் இக்கணக்கு மாறிவிடும். அவற்றில் பெரும்பாலானவை மைதா, அரிசி மாவு, சோள மாவு ஆகியவற்றை எண்ணெயில் பொரித்து உப்பிட்டவை. நார் மிகக் குறைவு, உப்பும் கொழுப்பும் மிகுதி. கருவாடு உண்ணும் வீட்டில் உப்பு ஏற்கனவே கூடுதலாக இருக்கும். உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவோ நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு.

வீட்டிலேயே செய்யத்தக்கவை

1. சுண்டல்: கொண்டைக்கடலையை இரவு முழுவதும், காராமணியை நான்கைந்து மணி நேரம் ஊறவைக்க வேண்டும். ஊறிய நீரை வடித்துவிட்டு, புதிய நீரில் குழைய வேகவைக்க வேண்டும். கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்துத் தேங்காய்த் துருவல் சேர்க்கலாம். நவராத்திரிக் காலத்தில் மட்டும் செய்யும் பண்டம் என்று இதை ஒதுக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிச் சத்துணவிலும் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் இடம்பெறுகின்றன.

2. அவித்த வேர்க்கடலை: தோலோடு கழுவி, சிறிது உப்பிட்டு அவித்தால் போதும். எண்ணெய் தேவையில்லை. பூஞ்சை பிடித்த, கசக்கும், சுருங்கிய பருப்புகளை எறிந்துவிட வேண்டும். பூஞ்சையிலிருந்து உண்டாகும் அஃப்ளாடாக்சின் கல்லீரலுக்குத் தீங்கானது. அது வேகவைப்பதால் முழுவதும் நீங்குவதில்லை.

3. கேழ்வரகு அடை: மாவுடன் முருங்கைக்கீரை, நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்து வெந்நீர் தெளித்துப் பிசைந்து, தோசைக்கல்லில் தட்டிச் சுட வேண்டும். கேழ்வரகில் நாரோடு சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. 100 கிராமில் சுமார் 364 மில்லிகிராம் உள்ளது.

4. பனங்கிழங்கு: பழவேற்காடு பனையோலைக் கைவினைக்கும் பெயர்பெற்ற பகுதி. பெண்கள் ஓலையில் கூடைகளும் பெட்டிகளும் முடைகின்றனர். பனை தமிழ்நாட்டின் மாநில மரமும் ஆகும். பனங்கொட்டைகளை மண்ணில் புதைத்துச் சில மாதங்கள் கழித்துத் தோண்டினால் முளைக்கிழங்கு கிடைக்கும். மார்கழி, தை மாதங்களில் சந்தைக்கு வரும் இதனை மஞ்சளும் உப்பும் சேர்த்து அவித்து, நடுவிலுள்ள தும்பை நீக்கி உண்பர். மாவுச்சத்தும் நாரும் நிறைந்தது, நெடுநேரம் பசி தாங்கும். யாழ்ப்பாணத்தில் இதே கிழங்கைப் பிளந்து உலர்த்தியதை ஒடியல் என்றும், அவித்து உலர்த்தியதைப் புழுக்கொடியல் என்றும் கூறுவர். அங்கு ஒடியல் மாவோடு மீன், நண்டு, இறால், கீரை சேர்த்துக் காய்ச்சும் ஒடியற் கூழ் கடற்கரை மக்களின் பெருவிருப்ப உணவு. மீனும் நாரும் ஒரே கலத்தில் சேரலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

கூழும் பழைய சோறும்: நொதித்த உணவின் பங்கு

நார்ச்சத்து நுண்ணுயிரிகளுக்கு இரை. நொதித்த உணவு அவற்றையே நேரடியாகக் குடலுக்குள் கொண்டுசேர்க்கிறது. 2021இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நலமுள்ள 36 பேரை இரு குழுக்களாகப் பிரித்து 10 வாரங்கள் கவனித்தனர். நொதித்த உணவை மிகுதியாக உண்டவர்களின் குடலில் நுண்ணுயிரி வகைகள் பெருகின. உடலில் அழற்சியைக் காட்டும் பல புரதங்களும் குறைந்தன. நார்மிகு உணவு உண்டவர்களிடம் அந்தக் குறுகிய காலத்தில் வகைகள் பெருகவில்லை. இரையைக் கூட்டினால் மட்டும் போதாது, அதை உண்ணும் நுண்ணுயிரிகளும் இருக்க வேண்டும் என்று இதனை விளங்கிக்கொள்ளலாம். ஆய்வில் பங்கேற்றோர் சிலரே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வட தமிழகத்தில் ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் ஊற்றப்படும் கேழ்வரகுக் கூழ் இவ்வகை உணவே. கேழ்வரகு மாவை நீரில் கரைத்து ஓரிரவு புளிக்கவிடுவர். மறுநாள் அரிசி நொய்யை வேகவைத்து, அதில் புளித்த மாவை ஊற்றிக் கிளறிக் களிபோல் காய்ச்சுவர். ஆறியபின் அதை மேலும் ஓரிரவு வைத்து, மறுநாள் காலை நீர்விட்டுக் கரைத்து, உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடிப்பர்.

இதில் இரண்டு முறை புளிப்பு நிகழ்கிறது. முதல் புளிப்பில் தோன்றிய நுண்ணுயிரிகள் காய்ச்சும்போது அழிந்துவிடுகின்றன. ஆனால் அதற்குள் அவை மாவிலுள்ள பைட்டேட் என்னும் பொருளைக் குறைத்துவிடுவதால் இரும்பு, சுண்ணாம்புச் சத்துகளை உடல் எளிதில் ஏற்கும். காய்ச்சியபின் வைக்கும் இரண்டாம் இரவில்தான் உயிருள்ள நுண்ணுயிரிகள் மறுபடி பெருகுகின்றன. காய்ச்சியவுடன் சூடாகக் குடிக்கும் கூழுக்கும் மறுநாள் குடிக்கும் கூழுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இட்லி ஆவியில் வேகும்போதும் நுண்ணுயிரிகள் அழிகின்றன. நொதித்தலின் பிற பயன்கள் மட்டும் எஞ்சுகின்றன.

பழைய சோற்றிலும் இவ்வாறே ஆக்கிய பின் புளிப்பு நிகழ்கிறது. மேலும், ஆறிய சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவமாக மாறி, நாரைப் போலவே பெருங்குடலை அடைகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியும் குடல்நோயாளிகளுக்குப் பழைய சோறு தரும் பயன் குறித்து ஆய்வில் ஈடுபட்டுள்ளது. கூழிலும் பழைய சோற்றிலும் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தில் உள்ள ஃபிரக்டான் என்னும் நார், நன்மை தரும் நுண்ணுயிரிகளுக்கு உகந்த இரையாகும்.

கவனிக்க வேண்டியவை

நீரின் தூய்மை: உவர்நீர் ஏரியை ஒட்டிய ஊர்களில் நிலத்தடி நீர் உப்பேறுவது இயல்பு. நல்ல நீரைச் சேமித்துவைத்தே பயன்படுத்த வேண்டியிருக்கும். சோற்றில் ஊற்றும் நீரும், கூழைக் கரைக்கும் நீரும் மீண்டும் கொதிக்கப் போவதில்லை. ஆகவே காய்ச்சி ஆறிய நீரையே ஊற்ற வேண்டும். குடலுக்கு நன்மை தரும் உணவே வயிற்றுப்போக்கிற்குக் காரணமாகிவிடாமல் காப்பது இந்த ஒரு பழக்கம்தான். மழைக்காலத்தில் முளைகட்டிய பயறுகளையும் பச்சையாக உண்ணாமல் ஆவியில் வேகவைப்பது நல்லது. நாற்றமோ நிறமாற்றமோ கண்ட கூழையும் சோற்றையும் கொட்டிவிட வேண்டும்.

வாயுத்தொல்லை: பயறு வகைகளில் உள்ள ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகளைப் பெருங்குடல் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்வதால் வாயு உண்டாகிறது. ஊறவைத்த நீரைக் கொட்டினால் இவை குறையும். நாருக்குப் பழகாதவர் முதல் வாரத்தில் ஒரு கைப்பிடிச் சுண்டலில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் அளவைக் கூட்டலாம். நார் கூடும்போது குடிநீரின் அளவும் கூட வேண்டும். வெயிலில் படகில் நெடுநேரம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நீரின்றி நாரை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் மிகும்.

நோயுள்ளவர்கள்: நீரிழிவு உள்ளவர்களுக்குச் சுண்டல் ஏற்றது. கூழும் பனங்கிழங்கும் மாவுச்சத்து மிக்கவை, எனவே அளவோடு உண்ண வேண்டும். சிறுநீரக நோயாளிகள் பயறு வகைகளைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மலத்தில் குருதி, காரணமற்ற எடை இழப்பு, பல வாரங்கள் நீடிக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உணவால் மட்டும் சரிசெய்ய முயலக்கூடாது. உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

நடைமுறைக்கு ஓர் ஒழுங்கு

மீன்பிடித் தொழிலில் வேளை தவறாமல் உண்பது எளிதன்று. நீரோட்டத்தையும் முறைநாளையும் பொறுத்தே வலை விரிக்க வேண்டும். பாடு கிடைக்காத நாளிலும், ஏரி முகத்துவாரம் மணலால் அடைபட்டு வரத்துக் குறையும் காலத்திலும் கையில் பணம் குறையும். அப்போது முதலில் குறைவது வாங்கி உண்ணும் காய்கறியும் பழமுமே. உலர்ந்த பயறும் கேழ்வரகும் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பவை என்பதால், வரவுள்ள நாளில் வாங்கி வைக்கலாம்.

முதல் நாள் இரவு படுக்குமுன் ஒரு கிண்ணம் பயறை ஊறவைப்பதே இதற்கான தொடக்கம். திங்கள் கொண்டைக்கடலை, புதன் காராமணி, வெள்ளி பச்சைப்பயறு என மாற்றிக்கொண்டால் சலிப்பும் வராது. வெவ்வேறு நார் வகைகள் வெவ்வேறு நுண்ணுயிரிகளை வளர்ப்பதால் குடலுக்கும் அதுவே நல்லது. இடைப்பட்ட நாள்களில் அடை, அவித்த வேர்க்கடலை, தை மாதமானால் பனங்கிழங்கு என்று வைத்துக்கொள்ளலாம். படகில் செல்பவர் தூக்கில் கூழும் ஒரு சிறு டப்பாவில் சுண்டலும் கொண்டு போகலாம். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும் அதே சுண்டல் போதும்.