9 பேர் கிளம்பினார்கள், ஒருவர்தான் முடித்தார்: மும்பையில் பிறந்த கனமான பாய்மரப் படகு ஜெயித்தது எப்படி?

வேகமாகப் போவதுதான் நல்ல படகு என்று நினைப்போம். மாதக்கணக்கில் நடுக்கடலில் இருக்க வேண்டும் என்றால் கதையே வேற. அதற்கு உதாரணம், அன்றைய பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட 32 அடி நீள 'சுஹைலி'.

தன்னந்தனியாக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டி 1968-ல் நடந்தது. கிளம்பிய 9 பேரில் முடித்தவர் பிரிட்டனின் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் மட்டும்தான். எடுத்துக்கொண்டது 312 நாட்கள். சராசரி வேகம் மணிக்கு சுமார் 7 கி.மீ. சைக்கிளே முந்திவிடும்!

அப்படி என்ன இருக்கிறது இந்த ரகப் படகில்? முதலில் எடை. மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும். அதிக எடை என்றால் நீருக்கு அடியில் இருக்கும் உடலும் பெரிது. புளியரை வழியாகக் கேரளா போகும் லாரிகளை இலஞ்சி, செங்கோட்டை பக்கம் தினமும் பார்க்கலாம். காலி லாரி பள்ளத்தில் தூக்கிப் போடும், லோடு ஏற்றிய லாரி அவ்வளவு குலுங்காது. கடலிலும் ஏறக்குறைய அதேதான். லேசான படகு அலைக்கு அலை துள்ளும், உள்ளே இருப்பவர் தூங்கக்கூட முடியாது. கனமான படகு நிதானமாக ஏறி இறங்கும். பல மாதத்துக்கான தண்ணீர், உணவு ஏற்றினாலும் பெரிதாகத் தாழாது.

அடுத்தது, படகின் அடியில் நீளமாக ஓடும் 'கீல்' எனும் அடிப்பகுதி. இதில் இரும்பு அல்லது ஈயம் இருப்பதால் படகு சாய்ந்தாலும் மறுபடி நிமிரும். திசை மாறாமல் நேராகவும் போகும். ஆளே இல்லாமல் சுக்கான் பிடிப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். தனியாகப் போகிறவருக்கு இது பெரிய உதவி. சுக்கானும் கீலின் பின்முனையிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் எதிலாவது மோதி உடையும் ஆபத்து குறைவு.

குறையும் உண்டு. காற்று குறைந்தால் நகரவே நகராது, துறைமுகத்துக்குள் திருப்புவதும் பெரும்பாடு.

எடை இருந்தால் மட்டும் உயிருக்கு உத்தரவாதமா? இல்லை. சுஹைலியின் மாதிரியிலேயே கோவாவில் கட்டிய 'துரியா'வில், 2018 கோல்டன் குளோப் போட்டிக்குப் போனார் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடல் புயலில் படகு புரண்டு, பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் காயத்தோடு, எழ முடியாமல் படகுக்குள்ளேயே கிடந்தார். ஆனால் துரியா மூழ்கவில்லை. 3 நாள் கழித்து பிரெஞ்சுக் கப்பல் 'ஒசிரிஸ்' வந்து மீட்கும்வரை அதுதான் அவரைத் தாங்கியது.

அடுத்த போட்டியிலும் அவர் கிளம்பினார். இதுவும் நீளமான கீல் கொண்ட, 36 அடி படகுதான். 236 நாட்கள் ஓட்டி, 2023 ஏப்ரலில் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார்.