வணிகமும் கணக்கறிவும்

காவிரியாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்தது பூம்புகார். இன்று மயிலாடுதுறை மாவட்டத்துச் சிற்றூராக உள்ள இது, பண்டு காவிரிப்பூம்பட்டினம் என்னும் பெயரொடு சோழரின் பெருந்துறைமுகமாகத் திகழ்ந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை இதன் வணிகச் சிறப்பை விரித்துரைக்கின்றது. கடல்வழி வந்த குதிரைகளும், மிளகு மூட்டைகளும், வடமலைப் பொன்னும், தென்கடல் முத்தும் இதன் தெருக்களில் நிறைந்திருந்தன. கப்பலினின்று இறங்கும் பண்டங்களுக்கும் கப்பலில் ஏற்றும் பண்டங்களுக்கும் சோம்பலின்றிச் சுங்கம் கொள்வோர், அவற்றின்மீது புலி முத்திரை பொறித்தனர். பொதிகளின்மீது உடையவர் பெயர் எழுதப்பட்டிருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது.

எது, எவருடையது, எவ்வளவு என்னும் மூன்றும் தெரிந்தாலன்றி வணிகம் நடவாது. ஆயினும் எழுதிவைப்பது வேறு. எழுதியதினின்று அறிவது வேறு.

வணிகர் ஒருவர் பொன்னி அரிசியும் இட்லி அரிசியும் திங்கள்தோறும் 300 மூட்டை விற்கின்றார் எனக் கொள்வோம். பேரேட்டின் கூட்டுத்தொகையை மட்டும் காண்பவர், மாற்றம் ஒன்றுமில்லை என்றே எண்ணுவார். வகைபிரித்து நோக்கின், முதல் திங்களில் 200 மூட்டையாக இருந்த பொன்னி மூன்றாம் திங்களில் 140 ஆகக் குறைந்ததும், 100 மூட்டையாக இருந்த இட்லி அரிசி 160 ஆக உயர்ந்ததும் புலனாகும். இதனை உணராது முன்போலவே கொள்முதல் செய்வாராயின், விலைபோகாத மூட்டைகளில் வண்டு விழும். இட்லி அரிசி கேட்டு வந்தவர் வெறுங்கையுடன் திரும்புவர். அவர் முதலையும் இழப்பார், வாடிக்கையையும் இழப்பார்.

இக்காலப் பெருநிறுவனங்களில் இத்தகைய கணக்குகள் கோடிக்கணக்கில் குவிகின்றன. மனிதர் கண்ணால் அவற்றைப் பிரித்தறிதல் அரிது. ஆகவே கணிப்பொறி அவற்றைத் திரட்டி, வகுத்து, ஒப்பிட்டு, படமாக வரைந்து காட்டுகின்றது. இம்முறையை வணிக நுண்ணறிவு என்பர். 1958-ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பார் இப்பெயர் கொண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார்.

எனினும், குறைந்தது எது என்பதைக் கணக்குக் காட்டுமேயன்றி, குறைந்தது ஏன் என்பதை முற்றும் காட்டாது. விலை ஏறியதாலா? தரம் தாழ்ந்ததாலா? அருகில் வேறொரு கடை தோன்றியதாலா? வாங்குவோரை வினவியே அதனை அறிதல் வேண்டும்.

அளவு பொய்யாயின் முடிவும் பொய்யாகும். வாங்கும்போது மிகுத்தலும் விற்கும்போது குறைத்தலும் அறியாதவர் எனப் புகார் வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. அந்நேர்மையே கணக்கறிவுக்கு அடிப்படையாகும்.

ஆதலின் உண்மையாக அளத்தல், பிரித்து நோக்கல், காரணம் வினவல், காலம் தாழாது முடிவு செய்தல் என்னும் நான்கும் சிறுகடை நடத்துவார்க்கும் பெருநிறுவனம் நடத்துவார்க்கும் ஒருங்கே இன்றியமையாதனவாம்.