திரை இருண்டால் திரைதான் பழுதா?

மடிக்கணினித் திரை இருண்டாலோ கோடு விழுந்தாலோ கடையில் சட்டென்று வரும் பதில், 'டிஸ்பிளே மாத்த வேணும்' என்பதுதான். சில வேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் பனல் வெளிநாட்டிலிருந்து வரும் சாமான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 இலங்கை ரூபாயை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360 அளவுக்கு ஏறியது. பிறகு சற்று இறங்கியதே தவிர பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே பழுதைத் தேடும் வேலை காசு செலவில்லாத இடத்தில் தொடங்க வேண்டும். அந்தத் தேடலுக்கென்று தனிக் கூலி கொடுக்க யாழ்ப்பாணத்தில் நாமும் பழக வேண்டும்.

படம் தாய்ப்பலகையிலுள்ள சிப்பில் உருவாகி, பிணைச்சல் வழியே ஓடும் மெல்லிய கேபிளில் ஏறி, பனலுக்கு வருகிறது. அதைக் கண்ணுக்குக் காட்டுவது பனலின் பின்னுள்ள வெளிச்சம். முதலில் எச்.டி.எம்.ஐ. வயரால் தொலைக்காட்சியில் இணைத்துப் பாருங்கள். அங்கும் அதே கோடுகள் விழுந்தால் பனலை மாற்றுவது வீண் செலவு. தொலைக்காட்சியில் படம் சுத்தமாக இருந்தால், அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைத் திரைமேல் சரிவாகப் பிடியுங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றனவா? அப்படியென்றால் படம் வந்து சேர்ந்திருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை. அந்த வெளிச்சத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பாதையில் கடுகளவு பியூஸ் ஒன்று உண்டு. பற்றரியைக் கழற்றாமல் திரைக் கேபிளை இழுத்தால் அந்தப் பியூஸ் எரிந்துபோகலாம். பழுது பார்க்கப் போய் உண்டாகும் பழுது இது. மூடியை மெல்ல அசைக்கும்போது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் படம் வந்து போனால், பிணைச்சலுக்குள் நசியும் கேபிளைச் சந்தேகியுங்கள். கடலும் களப்பும் சூழ்ந்த குடாநாட்டில் உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். கேபிளைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகினாலே சரியாகும் திரைகளும் உண்டு. மாறாக, கணினி போட்ட முதல் நொடியிலிருந்தே ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் செங்குத்துக் கோடும், மை சிந்தியது போன்ற கறையும் பெரும்பாலும் பனலின் பழுதே. அங்கே தயங்காமல் மாற்றலாம். பல டெல் கணினிகளில் 'டி' விசையை அழுத்தியபடி இயக்கினால் திரை தானாகவே நிறங்களை மாற்றிக் காட்டும். அதிலும் கோடு தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று திருத்துநர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஒரு மணித்தியாலம் சோதித்துக் கேபிளைச் சரியாகச் செருகிக் கொடுத்தால், 'ஒண்டும் மாத்தேல்லையே, பிறகென்ன காசு?' என்பவர்கள் நாம்தானே. மருந்து எழுதாத வைத்தியருக்கும் கட்டணம் கொடுக்கிறோம். இங்கே மட்டும் பாகம் விற்றால்தான் வருமானம் என்று வைத்துவிட்டு, பாகம் விற்கிறார்கள் என்று குறைப்படுகிறோம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊரில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. கேபிளைத் திருத்தினால் பழுது திரும்ப வரும் என்பது இன்னொரு மறுப்பு. இறுகிய பிணைச்சலை அப்படியே விட்டால் வரத்தான் செய்யும். புதுப் பனல் போட்டாலும் அந்தப் பிணைச்சல் அதே கேபிளைத்தானே நசிக்கப் போகிறது?

பனலை மாற்றியே தீர வேண்டுமென்றால் '15.6 அங்குலம்' என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே அளவில் 30 முனை, 40 முனை இணைப்புகள் இருக்கின்றன, தெளிவுத்திறனும் வேறுபடும். பழைய பனலின் பின்புறம் ஒட்டியுள்ள மாதிரி எண்ணைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.