வீட்டுக் கூரைக்கு மருந்தூட்டிய மரம்

வீடு கட்டும் கமக்காரர் கூரைக்குச் செலவிடும் பணம் சிறிதன்று. சில மாரிகள் கழிவதற்குள் கைமரம் உளுத்து ஓடுகள் சரியுமாயின் அச்செலவு முழுவதும் வீணாகும். மருந்தூட்டிய மரம் இந்நட்டத்தைத் தடுக்கும். ஆயின், மருந்தைப் பொருந்தாத இடத்தில் கையாண்டால் கிணறும் தோட்டமும் கெடும். ஆகையால் எம்மருந்து எவ்விடத்துக்கு ஏற்றது என்பதை அறிதல் அவசியம்.

மரத்தைத் தெரிதல்

முதிர்ந்த பனையின் வைரம் கறையானுக்கு எளிதில் இரையாவதில்லை. ஆதலால் நம் முன்னோர் வளை, கைமரம், சிலாகை ஆகியவற்றைப் பனையிலேயே செய்தனர். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரின்போது பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பெருந்தொகைப் பனைகள் தறிக்கப்பட்டன. எஞ்சியவற்றை அனுமதியின்றித் தறித்தல் ஆகாது. எனவே தென்னை முதலிய பிற மரங்களை நாடவேண்டியுள்ளது. இவற்றுக்கு மருந்து தேவை.

தென்னையில் வெளிப்புறத்தை அடுத்துள்ள கருமையான பகுதியே பாரம் தாங்கும். கன மீற்றருக்கு 600 கிலோகிராமுக்கு மேற்பட்ட அடர்த்தியுடைய அப்பகுதியையே வளைக்கும் கைமரத்துக்கும் கொள்க. நடுவிலுள்ள சோற்றி உதவாது. மருந்து மரத்தைப் பூச்சியிலிருந்து காக்குமேயன்றி, வலுவற்ற மரத்துக்கு வலுவூட்டாது.

கூரைக்கு ஏற்ற மருந்து

மழை படாத கூரை மரங்களுக்கு வெண்காரமும் போரிக்கமிலமும் சேர்ந்த கரைசல் ஏற்றது. 100 லீற்றர் நீரில் 6 கிலோ வெண்காரத்தையும் 4 கிலோ போரிக்கமிலத்தையும் கரைக்க. நீரைச் சிறிது சூடாக்கினால் விரைவிற் கரையும். அரிந்த பச்சை மரத்தை, ஈரம் உலருமுன், ஒரு வாரம் இக்கரைசலில் அமிழ்த்தி வைக்க. பின்னர் இடைவெளியின்றி நெருக்கமாக அடுக்கி, பொலித்தீன் விரிப்பால் நன்கு மூடுக. மரத்திலுள்ள ஈரத்தின் வழியாகவே மருந்து உள்ளே பரவும். ஓரங்குலத் தடிப்புள்ள பலகைக்கு ஏறத்தாழ நான்கு வாரம் செல்லும். தடித்த மரத்துக்கு மேலும் நாள் வேண்டும். அதன்பின் நிழலில் உலர்த்துக. அளந்து அறுக்கும் வேலையை மருந்தூட்டுமுன் முடித்தல் நன்று. பின்னர் அறுக்க நேரின் வெட்டுமுனைக்கு மீண்டும் மருந்து பூசுக.

இம்மருந்து நீரிற் கரைவது. ஆகவே மழை படும் இடத்துக்கும் மண்ணில் நடும் தூணுக்கும் இது பயன்படாது. தூணை மண்ணில் நடாது, நிலமட்டத்துக்குக் குறைந்தது ஆறங்குலம் மேலே கல்லின் மீதோ கொங்கிறீற்றின் மீதோ நிறுத்துக. கறையான் மண்வழி கட்டினால் அது கண்ணுக்குத் தெரியும்.

பச்சை நிற மரம்

விலைக்கு வரும் மருந்தூட்டிய மரங்களுட் சில பச்சை நிறச் சாயலுடையன. செம்பு, குரோமியம், ஆசனிக்கு ஆகியவை சேர்ந்த மருந்து அதற்குக் காரணமாகலாம். இம்மருந்தை 1933 ஆம் ஆண்டு இந்தியாவின் தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோன்டி காமேசம் என்பவர் கண்டுபிடித்தார். மழையிலும் மண்ணிலும் கரையாது நிற்றல் இதன் சிறப்பு. எனினும் ஆசனிக்கு நஞ்சாதலால், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2003 ஆம் ஆண்டின் முடிவுடன் வீட்டுத் தேவைகளுக்கு இதனைப் பெரும்பாலும் கைவிட்டனர்.

இத்தகைய மரத்தின் துண்டுகளை அடுப்பில் எரித்தல் கூடவே கூடாது. புகையும் சாம்பலும் நஞ்சாகும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அடுப்புச் சாம்பல் தூவும் வழக்கமுடையோர் இதனை மறத்தலாகாது. மரத்தின் மருந்து இன்னதென விற்பவரிடம் கேட்டறிந்தே வாங்குக.

கிணற்றைக் காத்தல்

குடாநாட்டின் நிலத்தடியில் உள்ளது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றும் கழிவு அதன் வெடிப்புகள் வழியே விரைவாக நிலத்தடி நீரை அடையும். குடிப்பதும் பயிருக்கு இறைப்பதும் அந்நீரே. எஞ்சிய கரைசலைக் கிணற்றருகிலோ தோட்டத்திலோ ஊற்றற்க. அடுத்த மரத்துக்கு வைத்துக்கொள்க. போரன் பயிருக்கு மிகச் சிறிதளவே தேவை. அளவு மீறின் இலை விளிம்பு கருகிப் பயிர் வாடும். முன்னாளில் கறையானுக்காக நிலத்தில் ஊற்றிய அல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன் ஆகியவை நெடுங்காலம் அழியாத நஞ்சுகள்; 2001 ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை இவற்றை விலக்கியுள்ளது. பழைய கொள்கலம் எங்கேனும் இருப்பின் திறவாது, விவசாயப் போதனாசிரியருக்கு அறிவிக்க.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. பாரம் தாங்கும் இடத்துக்கு வைரமான பகுதியையே இடுக.
2. போரன் மருந்து, மழை படாத கூரைக்கு மட்டுமே.
3. கையுறை அணிக; பிள்ளைகளையும் கால்நடைகளையும் கரைசலை அணுகவிடற்க.
4. மருந்தூட்டிய மரத்தை விறகாக்கற்க.
5. ஆண்டுதோறும் மாரிக்கு முன் கூரையையும் சுவரையும் பார்வையிட்டு, கறையான் மண்வழியையும் ஓட்டு ஒழுக்கையும் உடனே நீக்குக.